மின்சாரம் கொண்டுவந்தது யார்?

ஒரு விநோதமான உலோகக் கம்பிக்குள் எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. கம்பியின் முனையில் ஒரு பல்பு பிரகாசமாக எரிந்தது.

ஒருநாள் பல்புக்கு நன்றி சொல்லத் தோன்றியது. "எனக்கு மின்சாரம் கொண்டுவர்றது உங்கள்ல யாருப்பா?" என்று கேட்டது.

"நான் இல்லீங்க. இவன் என்னை இடிச்சான், நான் அவனை இடிச்சேன். மின்சாரத்தை நான் பார்க்கவே இல்லையே!" என்றது ஓர் எலெக்ட்ரான். விசாரித்ததில் எல்லாம் அதையேதான் சொல்லின.

பல்புக்கு அவமானமாகப் போய்விட்டது. "ச்சே, சண்டைக்காரங்க தயவிலயா எரியுறேன்? ஆளுக்கொரு இடத்துல அமைதியா உட்காருங்க!" என்று அதட்டியது.

எலெக்ட்ரான்கள் வெட்கப்பட்டு, ஒன்றிடம் ஒன்று மன்னிப்புக் கேட்டு, கைகட்டி உட்கார்ந்தன. பல்பு அணைந்தது.

"ஐயா, யாராவது பக்கத்து ஆளை ஒரு இடி இடிங்களேன்!" என்று இருட்டில் பல்பு கெஞ்சியது.

"அதெப்படிங்க முடியும்? இப்பதானே சமாதானம் பேசி முடிச்சிருக்கோம்!"