காளை மேல் விழுந்த பழி

"என்ன மன்னிச்சுடுங்க மாப்ள. உங்க வாழ்க்கையக் கெடுத்தவன் நான்தான்."

முனிசாமி கையெடுத்துக் கும்பிட்டார். மாமனார் மருமகனைக் கும்பிடுகிற கண்றாவியை ஊரே வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்தது. சுரேந்தருக்கு அங்கிருந்து எங்கேயாவது ஓடிவிட்டால் தேவலை என்றிருந்தது.

முனிசாமி வீட்டு வாசலில் ரத்தினவேலின் அடிமாட்டு லாரி பின்பலகையை இறக்கிவிட்டுக் காத்திருந்தது. ஏறவேண்டியது சூறாவளி. தொரப்பள்ளி சுற்றுவட்டாரத்தில் எருது விடும் விழா எங்கே நடந்தாலும், கொம்பில் கட்டிய பரிசுத் தட்டியை லேசில் பறிகொடுக்காத முனிசாமியின் காளை.

எல்லாம் அன்று காலை ஓசூர் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மனைவி சுவாதிக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்ட டாக்டரம்மா சுரேந்தர் பக்கம் திரும்பினார்.

"உங்க உடம்பு உங்க விந்தணுவையே வெளியாள்னு நெனச்சு எதிர்க்குது. எதிர்ப்புப் பொருள் அதுமேல போய் ஒட்டிக்கிட்டு நீந்த விடாம பண்ணுது. அந்த எடத்துல பலமா அடிபட்டிருந்தாலும் இப்படி ஆகலாம். எப்பவாவது பட்டிருக்கா?"

அவன் வாயைத் திறக்குமுன், கார் ஓட்டிவந்த உரிமையில் கூடவே வந்து உட்கார்ந்திருந்த முனிசாமி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, என் மாடு டாக்டரம்மா!"

"நெறைய பேருக்குக் காரணமே தெரியறதில்லைங்க. எதுவா இருந்தாலும் வழி இருக்கு. ஒரே ஒரு அணுவ எடுத்துக் கருமுட்டைக்குள்ள வெச்சு..." என்று டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

எப்படி ஏறும்? மாட்டுக் கதையை அவர் மண்டையில் ஏற்றிவைத்தவனே சுரேந்தர்தானே!

சூறாவளியின் தட்டியைப் பறித்த ஒரே ஆள் அவன் என்பது ஊர் நம்பிக்கை. "என் மாட்டுக் கொம்புல கை வெச்ச மொத ஆம்பள!" என்று முனிசாமி அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கினார். அடுத்த முகூர்த்தத்திலேயே பெண்ணையும் கொடுத்தார். அந்த சுவாதியைக் கம்பெனி பஸ்ஸில் தினமும் பார்த்துவிட்டு, பேச வாய் வராமல் அலைந்துகொண்டிருந்தவன் அவன். அவளும் பார்ப்பாள், சிரிப்பாள், அதோடு சரி.

ஆனால் நடந்தது வேறு. காளை பாய்ந்து வந்ததும் முள்வேலி என்றும் பாராமல் ஏறித் தொங்கிவிட்டான். புழுதி அடங்கினபோது தட்டி கீழே கிடந்தது. எடுத்தான், அவ்வளவுதான். முள் கிழித்து நொண்டினதைக்கூட, கல்யாண விருந்தில், "கொம்பு தொடைக்கு நடுவுல பாஞ்சுது மாமா, அப்பவும் உடல" என்று அளந்துவிட்டான்.

அந்த அளப்புதான் இன்றைக்கு ஒரு வாயில்லா ஜீவனை வெட்டுக்கு அனுப்புகிறது. உண்மையைச் சொல்லலாம். ஆனால் ஒரு பொய்க்காகக் கூடப்பிறந்த தம்பியையே வாசற்படி ஏறவிடாத மனுஷன் முனிசாமி. மகளை இங்கேயே நிறுத்திவைத்துக்கொள்வார். சுவாதி இல்லாமல் அவனுக்கு என்ன இருக்கிறது?

"வேற யாருக்காச்சும் வளக்கக் குடுத்துடலாமே மாமா," என்று நைசாகச் சொல்லிப் பார்த்தான்.

"இன்னொரு வீட்டுப் புள்ளையவும் முட்டறதுக்கா? வேணாம் மாப்ள." அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரத்தினவேல் "பாரோ, பாரோ" என்று கன்னடத்தில் காளையை வரச்சொல்லி அதட்டிக்கொண்டே கட்டுத்தறிக் கயிற்றோடு மல்லுக்கட்டினான். "இன்னா முடிச்சுங்க இது! அவுக்கவே முடியல. அறுத்துடட்டுமா?"

"எம் பொண்ணு போட்டது. அவ முடிச்சு அவுந்ததா சரித்திரமே இல்ல." அந்த அழுகையிலும் முனிசாமி மீசையைத் தடவினார். "சூறாவளிக்குத் தட்டி கட்டறதும் எப்பவும் அவதான்."

அரிவாள் வந்தது. கயிறு அறுந்தது. காளை லாரியைப் பார்த்து மிரண்டு, திரும்பி வந்து சுரேந்தரின் கையை நக்கியது. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"மாமா! மாடு என்னத் தொடவே இல்ல. நான் பயந்துபோய் வேலியில ஏறிட்டேன். தட்டி தானா கீழ உழுந்துச்சு. அத எடுத்துக்கிட்டு உங்ககிட்ட பொய் சொன்னேன்!"

முனிசாமி அவனையே பார்த்தார். பிறகு அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதறினார்.

"தங்கமான மனசு மாப்ள உங்களுக்கு! மாட்டக் காப்பாத்தறதுக்காக உங்க வீரத்தையே உட்டுக் குடுக்கறீங்களே! எம் பொண்ணு கட்டுன தட்டி தானா உழுமா? ஏத்துடா ரத்தினவேலு!"

நன்றாக மாட்டிக்கொண்டான். அன்றைக்குச் சொன்ன பொய்யை எல்லாரும் நம்பினார்கள். இன்றைக்கு உண்மையைச் சொன்னால் நம்ப ஒரு நாதியில்லை. சூறாவளியின் முன்னங்கால் பலகையில் ஏறிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே உள்ளே போய் முடங்கிக்கிடந்த சுவாதி தடதடவென்று ஓடிவந்து லாரிக்கும் காளைக்கும் குறுக்கே நின்றாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு அப்பாவிடம் சொன்னாள்:

"இவரு அங்க நிக்கறதப் பாத்துட்டு, அன்னைக்குத் தட்டி முடிச்ச லூசா போட்டது நான்தான்ப்பா."