அமாவாசை மைலேஜ்

"டீசல் திருடறவன் எனக்கு வேணாம். சாவியை வெச்சுட்டுக் கெளம்பு!"

சொல்லிட்டேன். எத்தினி நாளைக்குத்தான் பொறுத்துக்கினு இருக்கிறது?

டிரைவர் பீட்டர் சாவியை டேபிள் மேல வெச்சான். இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அது இன்னும் பேஜாரா இருந்துச்சு.

காக்களூர்லேர்ந்து பிக்கப்புக்குப் பின்னாடி ஜெனரேட்டர் டிரெய்லரை மாட்டி இழுத்துக்கினு கும்மிடிப்பூண்டி போய் வரணும். அதான் வேலை. அந்த லோடோட லிட்டருக்கு ஒம்போது கிலோமீட்டர் குடுத்த வண்டி. அப்பா தவறி மூணு மாசமா ஏழைத் தாண்ட மாட்டேங்குது. பக்கத்து சீட்ல அவர் இல்லேன்னதும் இவனுக்குக் குளிர் உட்டுப்போச்சு. வேற இன்னா?

ஆனா ஒண்ணுதான் மண்டையைக் குடையுது. அமாவாசை அன்னிக்கு மட்டும் கரெக்டா ஒம்போது! மூணு அமாவாசையும் அப்படித்தான். அன்னிக்குத் திருட பயம்னு வெச்சுக்கினாலும், சர்ச்சுக்குப் போறவனுக்கு அமாவாசை இன்னா, பௌர்ணமி இன்னா?

வண்டியைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக் பூவராகவனும் முழிச்சார்.

"டயர்ல காத்து சரியா இருக்கு. டிரெய்லர் பிரேக் ஒட்டல. ஃபில்டரும் சுத்தம். அமாவாசை அன்னிக்கு வண்டியில எதுனா மாத்துவியா மோகன்ராஜு?"

"ஒண்ணும் இல்லண்ணே. அதே ரோடு, அதே லோடு. காலையில அப்பா படம் போட்ட போர்டைக் கழட்டி ஆபீஸ்ல வெச்சு, மாலை போட்டுப் படையல் வெப்போம். மறுநாள்தான் திரும்ப மாட்டறது."

பூவராகவன் நிமிர்ந்து வண்டி மண்டையைப் பார்த்தார். நாலடி ஒசரத் தகரப் போர்டுல கை கூப்பிக்கினு அப்பா. அவர் போனப்புறம் நான்தான் ஆசையா மாட்டினது.

"அடப்பாவி! ஹைவேஸ்ல எதிர்க்காத்து மொத்தத்தையும் இது நெஞ்சால முட்டித் தள்ளணும். டீசல் குடிக்காம இன்னா பண்ணும்?"

கேட்டாண்ட போய்க்கினு இருந்த பீட்டரைக் கத்திக் கூப்பிட்டேன்.

"போர்டுனாலதான் மைலேஜ் கொறையுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"மாட்டின அன்னிக்கே தெரியும்ணே."

"அப்புறம் ஏண்டா? திருடன்னு சொல்றேன், அப்பவும் வாயைத் தொறக்கலியே!"

பீட்டர் போர்டையே பார்த்துக்கினு சொன்னான்:

"பன்னெண்டு வருஷம் என் பக்கத்துல உக்காந்து வந்தவருண்ணே. அவரை வண்டியிலேர்ந்து எறக்குன்னு எந்த வாயால சொல்றது?"