கன்னத்துக் கருப்பட்டி

துறைமுக வாசல் டீக்கடையில் இருந்த இயந்திரம் இசக்கியம்மாளின் பெருவிரலைத் தடவி ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, "இன்று முதல் உங்களுக்குச் சீனி கிடையாது" என்றது.

கிரேன் ஓட்டும் இசக்கியம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மூணு கரண்டிய அரைக் கரண்டியா நானாத்தான் கொறச்சேன். அந்த அரையையும் நானாத்தான் விடுவேன். இது யாருல சொல்லுததுக்கு?"

"மெஷின் விடாம நான் போட முடியாதுக்கா" என்றான் கடைக்கார மரியதாஸ்.

"நீ போடவே வேண்டாம்."

சாப்பாட்டுப் பையிலிருந்து கருப்பட்டித் துண்டொன்றை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வெறும் டீயைச் சொட்டு விடாமல் குடித்தாள்.

அடுத்த வாரம் இயந்திரம், "நாற்பது பேர் சீனியை விட்டிருக்கிறீர்கள், வாழ்த்துகள்!" என்றது.

வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு கன்னம் உப்பியிருந்தது.