மிச்சப் பால்

ஆய்வகத்து வாசலில் பூர்ணிமாவைப் பார்த்ததும் ஆராய்ச்சியாளர் லெத்திசியாவுக்குச் சந்தோஷம்.

"ரிசல்ட் கேக்க வந்தீங்களாக்கா? பிரசவமானதும் நீங்க குடுத்த சீம்பால மெஷின்ல விட்டு, சர்க்கரைய வகைவகையா பிரிச்சு அளந்தோம். வயித்துப்போக்குக் கிருமிய அண்டவிடாத சர்க்கரை உங்க பால்லதான் அதிகம். பாப்பா குடுத்துவச்சது."

"சீம்பால் ஆவாதுன்னு எங்க வீட்ல பீச்சிக் கொட்டிடுவாங்க மேடம். வீணாப் போவுதேன்னுதான் மொத்தத்தையும் உங்களுக்குக் குடுத்தேன்."

"அப்ப பாப்பாவுக்கு?"

"சர்க்கரைத் தண்ணி."

பூர்ணிமா ஒரு சின்னத் தூக்கை நீட்டினாள்.

"அந்தப் பால் மிச்சம் இருந்தா குடுங்க. பாப்பாவுக்கு வேணும்."

"ஃப்ரீசர்ல இருக்கு. ஆனா இப்ப அதக் குடிக்கக் குடுக்கக்கூடாதுக்கா."

"குடிக்க இல்ல மேடம். வயித்தால போயி, நேத்துப் பொதைச்சோம். இன்னிக்குக் குழியில பால் ஊத்தணும்."