ஐந்தாவது ஜன்னல்

ரயில்வே யார்டில் நின்ற கூட்ஸ் பெட்டியில், பெயின்ட் உரிந்த இடத்தில் பழைய எண் தெரிந்தது. ஜன்னல்களைத் தகரத்தால் அடைத்து, கார் ஏற்றுவதற்காக மாற்றிய பயணிகள் பெட்டி அது. ரெஜினா அக்கா கல்யாணமாகிப் போன அன்று, அவள் ஏறிய பெட்டியைப் பார்த்து என் நோட்டில் குறித்துக்கொண்ட அதே எண். அக்காவை அழைத்து வந்து காட்டினேன்.

அவள் கதவிலிருந்து எண்ணிக்கொண்டே போய் ஐந்தாவது ஜன்னலின் தகரத்தில் கை வைத்தாள்.

“அப்பா தண்ணி பாட்டில் வாங்கிட்டு ஓடி வந்தாருடா. கம்பிக்குள்ள நுழையல, வண்டி எடுத்துட்டான். பாட்டிலும் கையுமா நின்னாரு. அதான் கடைசியா பாத்தது.”

அளவு பிசகாமல் அந்தப் பெட்டியை அட்டையில் குட்டியாகச் செய்தேன். அசலில் உள்ளபடியே எல்லா ஜன்னல்களையும் அடைத்தேன். ஐந்தாவதை அடைக்கும் முன், கம்பிக்கு உள்பக்கம் அரிசி அளவில் ஒரு பாட்டிலை வைத்தேன்.