எந்த நோயாளிக்கு?

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் இருக்கிற வேலை கிடக்கட்டும். ஒரு போன் அடித்து ஓய்வதற்குள் நடந்த கதை. சொல்லி முடிக்கவும் அவ்வளவு நேரம்தான் ஆகும்.

மணி பதினொன்று ஐம்பது. அவள் முன்னால் ஒரு தாள் இருந்தது.

தாளில் இரண்டு கட்டங்கள். பன்னிரண்டு மணிக்குள் ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரி அது. அதன் கம்ப்யூட்டர் பிரிவில் எதிரெதிரே இரண்டு அறைகள். இடது அறை உதவி மையம். ஆறு போன்கள், ஓயாத மணி. வலது அறை டேட்டாபேஸ், நோயாளிகளின் பதிவெல்லாம் இருக்கிற இடம். அங்கே போனே கிடையாது.

அவள் எட்டு வருஷமாக இடது அறையில். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு 'ரீஸ்டார்ட் அக்கா' என்று பேர். யார் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லித்தான் தொடங்குவாள். பத்துக்கு எட்டு அதிலேயே சரியாகிவிடும்.

வீட்டிலும் அதே கதைதான். மகள் வயிறு வலிக்கிறது என்றால், எப்போதிலிருந்து, வேறு யாருக்காவது இருக்கிறதா என்று விசாரிப்பாள்.

"புகார் நம்பர் குடுத்துடாதம்மா, பிள்ளைக்கு மாத்திரையைக் குடு" என்பார் மாமியார்.

வலது அறைக்குப் போக வேண்டும் என்று இரண்டு வருஷம் விடியலில் எழுந்து படித்தாள். மணி அடிக்காத ஓர் அறையில் உட்கார்ந்து, ஒன்றைத் தொடங்கி முடிக்கிற வரைக்கும் யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

இந்த வாரம் அவளுக்குச் சோதனை வாரம். ஒரு பிழை வந்தாலும் பழைய நாற்காலிதான் என்று அந்த அறையின் தலைவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அன்று காலை ஒரு சின்ன வேலை கொடுத்தார். யாரோ ஒரு நோயாளியின் ரத்த வகை தப்பாகப் பதிவாகியிருந்தது. அதை 'ஏ' என்று திருத்த வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஒரே வரிக் கட்டளை. அடித்தாள். முடிந்தது என்று திரை சொன்னது. எழுந்து இடது அறைக்கு வந்துவிட்டாள்.

இனி எந்த அறையில் வேலை என்று கேட்கும் அந்தத் தாளை இழுத்து, பேனாவை எடுத்தாள். வலது அறையின் கட்டத்துக்கு மேல் முனை நின்றது.

போன் அடித்தது.

"அக்கா, மூணாவது மாடி நர்ஸ் பேசறேன். ஏழாம் படுக்கை அம்மாவுக்கு ரத்தப் பை வந்திருக்கு. பையில 'ஏ'. திரையிலயும் 'ஏ'. ஆனா நேத்து 'பி'ன்னு பாத்த ஞாபகம். எட்டாம் படுக்கையும் 'ஏ'ன்னு காட்டுது, ஒன்பதும் 'ஏ'ங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டு ஏத்திடட்டுமா?"

காலையில் பார்த்த திரை அவள் கண்முன் வந்தது.

கட்டளையின் அடியில் ஓர் எண் வந்திருந்தது. எத்தனை பதிவு மாறியது என்று சொல்லும் எண். ஒன்று என்று இருந்திருக்க வேண்டும். ஐந்து இலக்கம் இருந்தது.

எதை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள். என்னவாக மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள். எந்த நோயாளிக்கு என்ற நிபந்தனையை எழுதவில்லை.

நிபந்தனை இல்லாவிட்டால் அந்தக் கட்டளை எல்லாருக்கும்தான்.

"ஆஃப் பண்ணாத" என்றாள். "பண்ணாலும் அதேதான் காட்டும். அப்ப நீ நம்பிடுவ. பையைக் கீழ வை. அந்த அம்மா கையில கட்டியிருக்கிற பட்டையைப் படி."

மறுமுனையில் செருப்புச் சத்தம் போனது. ஒரு கட்டில் கிறீச்சிட்டது.

"'பி'ன்னு எழுதியிருக்கு அக்கா."

மற்ற ஐந்து போன்காரர்களும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"எல்லா வார்டுக்கும் அடிங்க. யாருக்கும் ரத்தம் ஏத்தக் கூடாது. ரத்த வங்கிக்கு முதல்ல அடிங்க."

எதிர் அறைக்கு ஓடினாள். கூப்பிட்டுச் சொல்லத்தான் அங்கே போன் இல்லையே.

தலைவர் எழுந்து நின்று கேட்டார். காலையில் எடுத்து வைத்த நகலிலிருந்து பழைய பதிவைத் திரும்ப ஏற்றச் சொன்னார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"யாரு அடிச்சது?"

"நான்தான் சார்."

"கீழ நம்பர் வந்திருக்குமே, பாக்கலையா?"

"பாத்தேன். படிக்கலை."

அவர் அவள் கையைப் பார்த்தார். ஓடி வந்த வேகத்தில் தாளையும் கசக்கிப் பிடித்து எடுத்து வந்திருந்தாள். அதைக் கேட்டு வாங்கினார். மேஜையில் வைத்துத் தடவி நீவினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்று அவள் பக்கமே தள்ளினார்.

வலது அறைக்கே டிக் போட்டாள். கையெழுத்துப் போடாமல், கட்டத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினாள். இந்த அறைக்கும் ஒரு போன் வைத்தால் மட்டும்.

தலைவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இப்பவாவது நிபந்தனை போட்டியே" என்றார்.

சாயங்காலம் அவள் மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து, ஏழாம் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வந்தவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

எனக்கு ரத்தம் 'பி', கண்ணுகளா.

போய் வாருங்கள். உங்கள் வீட்டில் எந்த மணி அடித்தாலும் எடுக்க ஒரு கை இருக்கட்டும். அந்தக் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.