திருட்டு டேப்

டெய்லரக்கா நல்ல டேப்பைச் சுருட்டி மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள். திருட்டு டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இருபது வருடத் தொழிலில் அளவில் ஏமாற்றுவது இதுவே முதல் தடவை.

படியேறி வந்த பெண் பாதியிலேயே நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். வயது இருபத்திரண்டு. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. காற்றடித்தால் பறந்துவிடுவாள், அவளுக்கு இன்னும் இளைக்க வேண்டுமாம்.

"அக்கா, இன்னிக்கு எப்படியும் இருபத்தாறு வந்துடும்."

ஒரு மாதமாக இதே பாட்டுத்தான். ஃபோனில் யாரோ ஒருத்தியின் படத்தைக் காட்டி, அதே கவுன், அதே இருபத்தாறு இன்ச் இடுப்பு என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இவள் இடுப்போ இருபத்தெட்டு. இருபத்தாறு ஆகும்வரை சோற்றுத் தட்டைத் தொடமாட்டேன் என்று சபதம் வேறு. சனிக்கிழமை தவறாமல் வந்து அளந்து பார்ப்பாள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவாள்.

போன வாரம் கடை ஸ்டூலிலேயே மயங்கிச் சரிந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனைக்கா வந்துச்சு?"

டெய்லரக்கா அன்றைக்கே உட்கார்ந்து, ஒரு பழைய டேப்பின் தலைப்பில், எண்கள் ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்னால், எண்ணே இல்லாத இரண்டு இன்ச் துண்டை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். தலைப்பை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டால் ஒட்டு தெரியாது. எப்பேர்ப்பட்ட இடுப்பும் இரண்டு இன்ச் குறைவாகத்தான் காட்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாமாம். இரண்டு இன்ச் பொய் சொல்லி ஒரு பெண்ணைச் சாப்பிட வைக்கக் கூடாதா?

"ஒரு நிமிஷம்க்கா" என்று அந்தப் பெண் ஃபோனை நூல்கண்டு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள்.

"ஐயையோ, நான் தலைகூட வாரலையே!"

"உங்க முகம் வராதுக்கா. கையும் டேப்பும்தான்."

ஒட்டை மறைக்கிற கவலையில், எதற்கு என்று கேட்க டெய்லரக்காவுக்குத் தோன்றவில்லை. மூடிய கையை இடுப்பில் வைத்தாள், டேப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். "இருபத்தாறு!" என்று கடை அதிரச் சொன்னாள்.

அந்தப் பெண் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சந்தோஷம் அடங்கியதும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"வீட்டு டேப்புல காலையிலகூட இருபத்தெட்டு காட்டுச்சேக்கா?"

"வீட்டு டேப்பெல்லாம் வருஷக்கணக்காக் கிடந்து சுருங்கிப்போயிருக்கும். நீ தொழில்காரி டேப்பை நம்பு. சபதம் முடிஞ்சுதுல்ல? உட்காரு, சாப்பிடு."

தன்னுடைய டிபன் பாக்ஸையே திறந்து வைத்தாள். அந்தப் பெண் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டாள். பார்க்கப் பார்க்க டெய்லரக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் வீட்டுலயும் உன்னைவிட ரெண்டு வயசு சின்னவ ஒருத்தி இருக்கா. ஃபோன்ல வர்ற எதையும் நம்பமாட்டா. எல்லாம் எடிட்டிங்னு சொல்லுவா. வேளைக்கு நல்லாச் சாப்பிடுவா."

"குடுத்துவெச்சவங்கக்கா நீங்க" என்றாள் அந்தப் பெண், வாய் நிறையச் சோற்றோடு.

அவள் போனதும் டெய்லரக்கா கவுன் துணியை இருபத்தெட்டுக்கே வெட்டினாள். மனுஷியை ஏமாற்றலாம், துணியை ஏமாற்ற முடியாது. கையோடு திருட்டு டேப்பையும் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டாள். வந்த வேலை முடிந்தது, இனி அது எதற்கு?

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், காலையில் மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு மூடினபடியே இருப்பதைப் பார்த்தாள்.

"என்னடி, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஒரு மாசத்துக்கு எனக்குச் சாப்பாடு வேண்டாம்மா."

மகள் ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு இடுப்பு, அதைச் சுற்றி ஒரு டேப், "இருபத்தாறு!" என்று ஒரு குரல். கீழே ஓடிய எழுத்து: 'ஒரே மாசம், வெறும் பட்டினி. டெய்லரே சாட்சி!' இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"எல்லாம் எடிட்டிங்னு நீதானேடி சொல்லுவே!"

"மத்ததெல்லாம் எடிட்டிங்தான். இது உன் கைம்மா. உன் குரல். எனக்குத் தெரியாதா?"

டெய்லரக்கா ஒரு தட்டில் சோற்றைப் போட்டு மகள் முன்னால் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"சத்தியமாச் சொல்றேன், அவ இடுப்பு இருபத்தெட்டுதான். பட்டினி கிடந்து செத்துடுவாளோன்னு பயந்து, டேப்புல ரெண்டு இன்ச் ஒட்டுப்போட்டு நான்தான் பொய்யா அளந்தேன்."

"எங்க, அந்த டேப்பைக் காட்டு."

"நறுக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

மகள் சிரித்துவிட்டாள். அம்மாவின் கன்னத்தைச் செல்லமாகக் கிள்ளி, தட்டை அவள் பக்கமே நகர்த்தினாள்.

"என்னைச் சாப்பிட வைக்கறதுக்காக இப்படியெல்லாம் பொய் சொல்லாதேம்மா!"